ஃபைல் பகிரும் தளம் திறக்கவில்லையா? அடைத்தது யார், எப்படி?

சாலிகிராமத்தில் எடிட்டிங் அறைகளுக்கும் டப்பிங் ஸ்டுடியோக்களுக்கும் நெட் வயர் இழுத்துக் கொடுப்பதும் சர்வர் வைத்துக் கொடுப்பதும் என் பிழைப்பு. வாரத்தில் இரண்டு போனாவது இதே பல்லவியோடு வரும்: “அண்ணே, அந்த லிங்க் ஓப்பனே ஆக மாட்டேங்குது.” ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால் வழக்கமாக வரும் கேள்விகளைச் சேர்த்து எழுதிவிட்டேன். திருட்டுப் படம் இறக்க வழி தேடி வந்தவர்களுக்கு இதில் சரக்கு இல்லை. எனக்குச் சோறு போடுவதே சினிமாக்காரர்கள்தான்.

வீட்டு பிராட்பேண்டில் திறக்காத தளம், போனில் டேட்டா போட்டால் திறக்கிறதே?

அடைப்பு அந்தத் தளத்தில் இல்லை, உங்கள் நெட் கம்பெனியில் இருக்கிறது. நீதிமன்றமோ மத்திய அரசோ பட்டியல் அனுப்பும். அதை அமல்படுத்துவது அந்தந்தக் கம்பெனியின் வேலை. ஒவ்வொருவரிடமும் இருக்கும் கருவி வேறு, வேகம் வேறு, சிரத்தையும் வேறு. பெங்களூரைச் சேர்ந்த சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டியின் ஆய்வாளர்கள் பெரிய நெட் கம்பெனிகள் ஆறை எடுத்துச் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். ஏதாவது ஒரு கம்பெனியிலாவது அடைபட்டிருந்த தளங்கள் 4,033. ஆறு பேருமே அடைத்திருந்தவை 1,115 மட்டும். கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

ஆகவே வீடு மயிலாப்பூரா மாதவரமா என்பது விஷயமே இல்லை. சுவரில் மாட்டியிருக்கும் பெட்டிக்கு யார் இணைப்பு கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். தெருக் கேபிள்காரர் தருவது என்றால், அவர் யாரிடம் மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுக்கிறாரோ அவருடைய வடிகட்டியும் சேர்ந்தே வீட்டுக்குள் வரும்.

எப்படித்தான் அடைக்கிறார்கள்?

சுலபமான வழி டிஎன்எஸ். நாம் அடிக்கும் தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருகிற சேவை அது. தெரியாத ஏரியாவில் முனை டீக்கடையில் வழி கேட்கிறோம் இல்லையா, அந்த மாதிரி. “இந்த வீட்டைக் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு” என்று டீக்கடைக்காரரிடம் சொல்லிவைத்துவிட்டால் போதும். வீடு அங்கேயேதான் இருக்கும், நமக்கு வழிதான் கிடைக்காது. சில கம்பெனிகளில் டீக்கடைக்காரர் வேண்டுமென்றே வேறு தெருவைக் கைகாட்டுவார். அங்கே போனால் ‘அரசு உத்தரவுப்படி முடக்கப்பட்டது’ என்று போர்டு தொங்கும்.

அடுத்தது, போகும் வரும் போக்குவரத்தையே எட்டிப் பார்ப்பது. பழைய எச்டிடிபி தளங்கள் தபால் கார்டு மாதிரி. எந்தத் தளம், அதில் எந்தப் பக்கம் என்று நடுவில் இருப்பவர் எல்லாவற்றையும் படிக்கலாம், ஒரே ஒரு பக்கத்தை மட்டும் நிறுத்தியும் வைக்கலாம். இப்போது பெரும்பாலும் எச்டிடிபிஎஸ் வந்துவிட்டது. அது உறை ஒட்டிய கடிதம், உள்ளே இருப்பது தெரியாது. ஆனால் இணைப்பு தொடங்கும்போதே பிரவுசர் ‘எனக்கு இன்ன தளம் வேண்டும்’ என்று பெயரை மட்டும் வெளிப்படையாகச் சொல்கிறது. இதற்கு எஸ்என்ஐ என்று பெயர். அந்தப் பெயர் பட்டியலில் இருந்தால் அந்த இடத்திலேயே இணைப்பை அறுத்துவிடலாம். ஜியோ இந்த முறையைப் பயன்படுத்துவதை மேலே சொன்ன அமைப்பினர்தான் 2019இல் கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உறையின்மேல் தளத்தின் பெயர் தெரியுமே தவிர, எந்தப் பக்கம் என்று தெரியாது. அதனால் ‘இந்த ஒரு லிங்கை மட்டும் அடை’ என்று உத்தரவு வந்தால்கூட, எச்டிடிபிஎஸ் தளம் என்றால் கம்பெனிக்கு முன்னால் இருப்பது இரண்டே வழி. முழுத் தளத்தையும் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடைக்காமல் விட வேண்டும். அடைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது கீழே வருகிறது.

எண் முகவரியையே முடக்கும் முறையும் உண்டு. ஒரே ஐபி முகவரியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கலாம். ஒரு ஃபிளாட்காரர்மேல் இருக்கும் கோபத்துக்கு அபார்ட்மென்ட்டின் மெயின் கேட்டைப் பூட்டுகிற வேலை அது.

சில சமயம் ‘முடக்கப்பட்டது’ என்று அறிவிப்பு வருகிறது. சில சமயம் வெறும் எரர் வருகிறது. ஏன்?

எச்டிடிபிஎஸ்தான் காரணம். நடுவில் இருப்பவர் அந்தத் தளத்தின் பெயரில் தன்னுடைய பக்கத்தைக் காட்ட முயன்றால், அவரிடம் அந்தத் தளத்துக்கான சான்றிதழ் இருக்காது. பிரவுசர் சிவப்பு எச்சரிக்கை காட்டிவிடும். அதனால் பல கம்பெனிகள் பேசாமல் இணைப்பை வெட்டிவிட்டுப் போய்விடுகின்றன. பார்க்கிறவருக்கு நெட் கோளாறு மாதிரியே இருக்கும். சட்டக் காரணத்துக்காக முடக்கினால் காட்டுவதற்கென்றே 451 என்ற எரர் எண்ணை 2016இல் உருவாக்கிவைத்தார்கள். நம் ஊரில் நான் ஒரு தடவைகூட அதைப் பார்த்ததில்லை.

அடைப்பா, நிஜக் கோளாறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விருகம்பாக்கத்தில் ஒரு சவுண்ட் எடிட்டர் அறையில் நடந்ததைச் சொல்கிறேன். ஹைதராபாத்திலிருந்து பின்னணி இசை ஃபைல்கள், பதினெட்டு ஜிபி, லிங்காக வந்திருக்கிறது. மறுநாள் காலை மிக்ஸிங். மனிதர் ராத்திரி ஒன்பது மணியிலிருந்து அதை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். கஸ்டமர் கேரில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். “ரௌட்டரை ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்க சார்.” மூன்று தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருக்கிறார்.

முதலில் எரரைப் படித்தேன். ‘கனெக்‌ஷன் ரீசெட்’ என்று இருந்தது. என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அவருடைய லேப்டாப்பை அதில் இணைத்தேன். என் சிம் வேறு கம்பெனி. லிங்க் உடனே திறந்தது. திரும்பவும் அவர் வைஃபைக்கு மாறினால் அதே ரீசெட். சரி, கம்ப்யூட்டர்மேல் தப்பில்லை, தளமும் உயிரோடு இருக்கிறது. அப்புறம் கமாண்ட் விண்டோவில் என்எஸ்லுக்கப் போட்டு அந்தப் பெயருக்கு என்ன முகவரி வருகிறது என்று பார்த்தேன். இரண்டு இணைப்பிலும் ஒரே முகவரி. ஆக டிஎன்எஸ்ஸும் ஒழுங்காகத்தான் வழி சொல்கிறது. பெயரைப் பார்த்து நடுவில்தான் அறுக்கிறார்கள். எல்லாம் சேர்த்து நாலு நிமிஷ வேலை. அந்தப் பதினெட்டு ஜிபியை என் சிம்மிலேயே இறக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றைய டேட்டா காலி, மாலையில் வீட்டம்மாவின் திட்டு தனி.

எரர் வகையே பாதி கதையைச் சொல்லிவிடும். ‘முகவரி கிடைக்கவில்லை’ என்றால் டிஎன்எஸ்ஸைச் சந்தேகப்படுங்கள். ‘ரீசெட்’ என்றால் பெரும்பாலும் பெயரைப் பார்த்து அறுப்பது. திடீரென்று சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் உங்களை வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட்டிருக்கலாம். சுற்றிச் சுற்றி நேரம் முடிந்து நின்றால் உறுதியாகச் சொல்ல முடியாது, எதிர்முனை சர்வரே படுத்திருக்கலாம்.

எந்த இணைப்பிலும் திறக்கவில்லை என்றால் எல்லாக் கம்பெனியும் அடைத்திருக்கலாம், இல்லை அந்தத் தளமே செத்துப்போயிருக்கலாம். 2006இலிருந்து ஓடிய ஃபைல் பகிரும் தளமான ஜிப்பிஷேர் 2023 மார்ச்சோடு கடையைக் கட்டியது. அதே ஆண்டு மே 31 அன்று டோரண்ட் தளமான ஆர்ஏஆர்பிஜி மூடியது. ‘கவர்ன்மென்ட் பிளாக் பண்ணிட்டாங்க’ என்று அப்போது எனக்கு வந்த போன்களுக்குக் கணக்கே இல்லை.

தடை உத்தரவை யார் போடுகிறார்கள்?

இரண்டு வாசல்கள். ஒன்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவு. 2008 திருத்தத்தில் வந்தது, 2009இல் விதிகளோடு அமலானது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக மத்திய அரசு முடக்கச் சொல்லலாம். அந்தக் காரணங்களில் பதிப்புரிமை (காப்பிரைட்) கிடையாது. உத்தரவை மதிக்காத கம்பெனிக்காரருக்கு ஏழு ஆண்டுவரை சிறை என்று அதே பிரிவு சொல்கிறது. ஏன் கம்பெனிகள் சந்தேகம் வந்தால் அடைத்துவிடுகிறார்கள் என்பதற்குக் காரணம் இதிலேயே இருக்கிறது. அடைக்காமல் விட்டால் ஜெயில் பயம். தேவையில்லாமல் அடைத்தால் யாரும் கேட்கப்போவதில்லை.

இன்னொரு வாசல் நீதிமன்றம். சினிமா விஷயம் எல்லாம் பெரும்பாலும் இந்த வழிதான். படம் வெளியாகும் முன்பே தயாரிப்பாளர் போய், இன்னும் யாரென்றே தெரியாத திருடர்கள்மேல் வழக்குப் போடுவார். பெயர் தெரியாத அந்தப் பிரதிவாதிக்கு வெளிநாட்டில் ‘ஜான் டோ’ என்பார்கள், நம் நீதிமன்றங்கள் வைத்திருக்கும் பெயர் ‘அசோக் குமார்’. ஊரில் நிஜமாகவே அந்தப் பெயர் வைத்திருப்பவர்கள் பாவம்.

ஒரு படத்துக்காக முழுத் தளத்தையும் அடைத்ததுண்டா?

உண்டு. இந்தக் கதையில் சென்னைக்குப் பெரிய பங்கும் உண்டு. 2012இல் ‘3’ படத்துக்காகத் தயாரிப்பாளர் சென்னை உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கினார். மே மாதம் நெட் கம்பெனிகள் டோரண்ட் தளமான பைரேட் பே, வீடியோ தளங்களான விமியோ, டெய்லிமோஷன், கூடவே பேஸ்ட்பின் என்று முழுத் தளங்களையே மூடின. பேஸ்ட்பின் எழுத்து மட்டும் போடுகிற தளம். அதில் எந்தப் படம் ஓடும்? ஜூனில் நீதிமன்றமே விளக்கம் கொடுத்தது: குறிப்பிட்ட லிங்கை அடைக்கத்தான் உத்தரவு, தளத்தையே அல்ல.

அதற்குப் பிறகும் பட்டியல்கள் நீண்டுகொண்டேதான் போயின. 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவில் 2,600க்கும் மேற்பட்ட தளங்கள் இருந்தன. அதில் ஒன்று ஆர்க்கைவ்.ஆர்க், அதாவது இன்டர்நெட் ஆர்க்கைவ். பழைய தமிழ்ப் புத்தகம், பத்திரிகை ஸ்கேன் தேடுகிற எவருக்கும் அது எவ்வளவு பெரிய கிடங்கு என்று தெரியும். தங்களுக்கு முன்கூட்டி யாரும் சொல்லவில்லை என்று அவர்கள் வெளிப்படையாகவே புலம்பினார்கள். பிற்பாடு திறந்துவிட்டார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்.

2018 நவம்பரில் ‘2.0’ வெளியாகும் முந்தின நாள், 37 நெட் கம்பெனிகளுக்கு 12,000க்கும் மேற்பட்ட தளங்களை அடைக்கச் சொல்லி இதே நீதிமன்றம் உத்தரவிட்டது. அதில் இரண்டாயிரத்துக்கு மேல் தமிழ்ராக்கர்ஸ் பெயரை வைத்தே இருந்தவை. ஒன்றை மூடினால் கடைசி எழுத்தை மாற்றி இன்னொன்று முளைக்கும். இந்தத் தலைவலிக்காக 2019 ஏப்ரல் 10 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழி செய்தது. முழுக்க முழுக்கத் திருட்டுக்கென்றே நடக்கும் தளம் என்று நிரூபித்துவிட்டால், அதன் புதுப்புது நகல்களைப் புது வழக்கு இல்லாமலே பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். இதை டைனமிக் இன்ஜங்ஷன் என்கிறார்கள். தளத்தின் குணத்தைப் பார்த்து அடைப்பது என்ற அந்த அணுகுமுறை எனக்குச் சரியாகத்தான் படுகிறது. படத்தை ராத்திரி பகலாக வெட்டி ஒட்டியவர்களை நேரில் பார்க்கிறவன் நான்.

வீடிரான்ஸ்ஃபர் மாதிரி ஆபீஸ் வேலைக்கான தளம் எப்படி மாட்டியது?

2020 மே மாதம், ஊரடங்கு நேரம். எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து ஃபைல் அனுப்பிக்கொண்டிருந்தபோது தொலைத்தொடர்புத் துறை வீடிரான்ஸ்ஃபர் தளத்தை முடக்கச் சொன்னது. தேசப் பாதுகாப்பு, பொதுநலன் என்று காரணம். முதலில் குறிப்பிட்ட லிங்க்குகளை அடைக்கச் சொன்னவர்கள், பிறகு தளத்தையே அடைக்கச் சொன்னார்கள். வடபழனி, சாலிகிராமம் பக்கம் போஸ்டர் டிசைனரிலிருந்து சப்டைட்டில் போடுகிறவர்வரை அதைத்தான் நம்பியிருந்தார்கள். நான் ஒரு ட்ரெய்லரின் சப்டைட்டில் ஃபைலை வீடிரான்ஸ்ஃபரில் ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் எதிர்முனையில் இறக்க முடியவில்லை என்று பதினோரு வாட்ஸ்அப்.

2022இல் வீடியோ ஓட்டும் சாஃப்ட்வேரான விஎல்சி பிளேயரின் தளமும் இதே மாதிரி மாட்டியது. பிப்ரவரியிலிருந்து பலருக்குத் திறக்கவில்லை. அதை நடத்துபவர்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, நவம்பரில்தான் தடை நீங்கியது. சாஃப்ட்வேர் எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் ஓடிக்கொண்டே இருந்தது. நல்ல இடத்திலிருந்து புதிதாக இறக்கத்தான் வழியில்லை. அதனால் கண்ட தளத்திலிருந்து இறக்கி வைரஸ் வாங்கிக்கொண்ட ஒரு கம்ப்யூட்டரை நானே சுத்தம் செய்தேன்.

டோரண்ட் என்றாலே சட்டவிரோதமா?

இல்லை. அது ஃபைலைத் துண்டு துண்டாகப் பலரிடமிருந்து வாங்கும் முறை, அவ்வளவுதான். உபுண்டு லினக்ஸை இன்றும் டோரண்ட்டில் இறக்கலாம், அவர்களே தருகிறார்கள். அடைபடுவது பெரும்பாலும் டோரண்ட் லிங்க் பட்டியலிடும் தளங்கள்தான், முறை அல்ல. உரிமை இல்லாத படத்தை டோரண்ட்டில் இறக்கும்போது நீங்கள் மற்றவர்களுக்கு ஏற்றியும் கொடுக்கிறீர்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சட்டத்தின் கண்ணில் அது விநியோகம்.

அடைத்த பக்கத்தைத் தெரியாமல் அழுத்திவிட்டேன். மூன்று வருஷம் ஜெயில் என்று போட்டிருக்கிறதே?

பயப்பட வேண்டாம். 2016இல் அப்படி ஒரு எச்சரிக்கை பக்கம் ஊரையே கதிகலக்கியது. பக்கத்தைப் பார்த்தாலே குற்றம் என்று படிக்கும்படி அது எழுதப்பட்டிருந்தது. பார்ப்பது மட்டுமே குற்றமாகாது என்று அந்த ஆண்டே மும்பை உயர் நீதிமன்றம் சொல்லி, வாசகத்தை மாற்றச் சொன்னது. ஆனால் திருடிப் பகிர்வது வேறு. பதிப்புரிமைச் சட்டம் 63ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை. தியேட்டரில் கேமராவில் பிடித்து ஏற்றுகிறவர்களுக்கு 2023இல் திரைப்படச் சட்டத்தையும் கடுமையாக்கினார்கள். அபராதம் மூன்று லட்சத்தில் தொடங்கி, படத்தின் தயாரிப்புச் செலவில் ஐந்து சதவீதம்வரை போகும்.

டிஎன்எஸ்ஸை மாற்றுவது, விபிஎன் போடுவது தப்பா?

விபிஎன் என்பது நம் போக்குவரத்தை மூடி மறைத்து வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை. இரண்டையும் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் இல்லை. டிஎன்எஸ்ஸை வேகத்துக்காகவே பலர் மாற்றுகிறார்கள். பெயரைப் பார்த்து அறுக்கும் இடத்தில் அந்த மாற்றம் உதவாது. விபிஎன் கம்பெனிகள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்டது. அதன் பிறகு சில கம்பெனிகள் தங்கள் சர்வர்களையே இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டன. இலவச விபிஎன்னை மட்டும் நான் யாருக்கும் போட்டுத் தருவதில்லை. உங்கள் மொத்தப் போக்குவரத்தும் முகம் தெரியாத ஒருவர் வழியாகப் போகும். சும்மா கொடுப்பவருக்கு அதில் என்ன லாபம் என்று யோசியுங்கள்.

ஓஎம்ஆர் ஆபீஸில் மட்டும் திறக்கவில்லை.

அது உங்கள் கம்பெனியின் ஃபயர்வால், அதாவது ஆபீஸ் நெட்டுக்கென்று வைத்திருக்கும் வடிகட்டி. ‘ஃபைல் ஷேரிங்’ என்று ஒரு வகையையே மொத்தமாக அணைத்துவைத்திருப்பார்கள். கேட்க வேண்டிய ஆள் உங்கள் ஐடி அட்மின். காலேஜ் ஹாஸ்டலிலும் இதே கதைதான்.

தப்பாக அடைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் யாரிடம் போவது?

முதலில் நெட் கம்பெனியில் எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். ‘நெட் வரவில்லை’ என்று எழுதினால் ரௌட்டரை மாற்ற ஆள் வருவார். தளத்தின் பெயர், தேதி, நேரம், எரரின் ஸ்கிரீன்ஷாட், வேறு இணைப்பில் திறக்கிறது என்ற விவரம் எல்லாவற்றையும் போடுங்கள். எந்த உத்தரவின்படி அடைத்தீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அவர்களுடைய மேல்முறையீட்டு அதிகாரி, அதற்கு மேல் மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான பிஜி போர்ட்டலில் தொலைத்தொடர்புத் துறைக்குப் புகார். ஆர்டிஐ போட்டால் பெரும்பாலும் சுவரில் முட்டிக்கொள்வீர்கள், 69ஏ விதிகளில் 16ஆவது விதி இதையெல்லாம் ரகசியம் என்கிறது. உண்மையில் அசைவது தளத்தின் சொந்தக்காரர் கிளம்பும்போதுதான். அதனால் அவர்களுக்கும் ஒரு மெயில் தட்டிவிடுங்கள். இந்தியாவில் தங்கள் தளம் அடைபட்டிருப்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

அப்புறம், நீங்கள் பெரிய ஃபைலை எப்படித்தான் அனுப்புகிறீர்கள்?

சின்னதை கூகுள் டிரைவில். முக்கியமானதை எப்போதும் இரண்டு வேறு சேவைகளில் ஏற்றி இரண்டு லிங்க்கையும் அனுப்புவேன், 2020இல் பட்ட அடி அப்படி. ஒரு டிபி ஃபுட்டேஜ் என்றால் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் தடையே இல்லாமல் போனாலும் இருபத்திரண்டு மணி நேரம் ஆகும். சாலிகிராமத்திலிருந்து கோடம்பாக்கத்துக்கு ஹார்ட் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் போனால், ஆற்காடு சாலை டிராஃபிக்கோடு சேர்த்து, நாற்பது நிமிஷம்.